குளோன்: நகலா, படியா, போத்தா?

டெஸ்க்டாப்பில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைத் திறந்து, அணைத்து வைத்த மெய்நிகர் கணினியின் (அப்படி உள்ளே ஓடும் கணினியின்) பெயர்மேல் வலச்சொடுக்கினால் 'குளோன்' என்ற கட்டளை வரும். குன்னூர், கோத்தகிரி தேயிலை நாற்றங்கால்களிலும் இதே சொல்தான் புழங்குகிறது. "விதைச் செடியா, குளோன் செடியா?" என்று கேட்டுத்தான் நாற்று வாங்குவார்கள். சொல்லின் தாய்வீடு நாற்றங்கால்தான். கணினிக்கு அது பிறகே வந்தது.

கிரேக்கத்தில் இதன் மூலச்சொல்லுக்குச் சிறு கிளை, தளிர்க்குச்சி என்று பொருள். விதையில்லாமல் குச்சி, ஒட்டு, கிழங்கு வழியாகப் பெருக்கும் செடிகளுக்குப் பொதுப்பெயராக 1903-இல் இதை முன்வைத்தவர் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். 1996-இல் குளோன் முறையில் டாலி ஆட்டுக்குட்டி பிறந்த பிறகு உலகமே அறிந்த சொல்லாயிற்று.

தமிழில் 'நகல்' என்றுதான் பலரும் எழுதுகிறோம். அது அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் பொருந்தும். 'படியெடுத்தல்' நல்ல தமிழ், நீலகிரிக்கு நெருக்கமானதும்கூட. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் மைசூருக்குப் போகும்வரை உதகையில்தான் இருந்தது. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுப்பதே படி. ஆனால் கல்வெட்டுப் படி எடுத்தபடியே இருக்கும், வளராது. மெய்நிகர் கணினியின் குளோனோ இயக்கிய நொடியிலிருந்து தன்போக்கில் மாறத் தொடங்கிவிடும். அதனால் பொருளில் மிக நெருங்கி வருவது, முருங்கையில் நட்டு வளர்க்க வெட்டும் கிளைக்கு நாம் சொல்லும் 'போத்து'. கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுதானே.

விர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும் முக்கியமான கேள்வி, முழுக் குளோனா, லிங்க்டு குளோனா என்பது. முழுக் குளோன் போத்துதான்: தாயின், அதாவது மூல மெய்நிகர் கணினியின், வட்டுக்கோப்பு (அதற்கு ஹார்டு டிஸ்க்காக இருக்கும் கோப்பு) முழுவதும் தனியாக எழுதப்படும். 25 ஜிபி என்று அமைத்த வட்டு உள்ளே 9 ஜிபிதான் நிரம்பியிருந்தால், விரிவடையும் வகை வட்டுக்கு அந்த 9 ஜிபி அளவே இடம் பிடிக்கும். லிங்க்டு குளோன் பதியம். கிளையை வளைத்து மண்ணில் புதைத்தாலும் தாயோடு ஒட்டியே இருப்பதுபோல, இதுவும் தாயின் வட்டைப் படித்துக்கொண்டு மாற்றங்களை மட்டும் தன் கோப்பில் எழுதும். சில எம்பியில் தொடங்கிவிடும். ஆனால் தாயின் வட்டுக்கோப்பை யாராவது கோப்புறைக்குள் போய் அழித்தால் பதியமும் எழாது. வேர் பிடித்த பதியத்தை அறுத்து நடுவதுபோல, லிங்க்டு குளோனையே மறுபடி முழுக் குளோன் எடுத்துத் தனியாக்கலாம்.

குளோன் எடுக்காமல் வட்டுக்கோப்பை மட்டும் காப்பி-பேஸ்ட் செய்து சேர்க்கப் போனால், அதே அடையாள எண்ணுள்ள வட்டு ஏற்கெனவே இருக்கிறது என்று விர்ச்சுவல்பாக்ஸ் மறுக்கும். குளோன் கட்டளை புது எண் கொடுத்துவிடும். மலையில் மழைக்காலத்துக் கரண்டை நம்ப முடியாது. யுபிஎஸ் இல்லாமல் முழுக் குளோன் தொடங்க வேண்டாம். பாதியில் நின்றால் அரைகுறைக் கோப்பை நீக்கிவிட்டு முதலிலிருந்து எடுங்கள்.

அதிகம் பேர் தடுக்குவது முகவரியில். நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்ணான மேக் முகவரிக்கு 'எல்லா அடாப்டர்களுக்கும் புதிதாக உருவாக்கு' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்தும் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இரண்டு குளோன்கள் 192.168.1.14 என்று ஒரே ஐபியில் (நெட்வொர்க் முகவரியில்) வந்து நிற்பதுண்டு. காரணம், ரவுட்டரிடம் முகவரி கேட்கும்போது உபுண்டு சர்வர் தன்னை அடையாளம் காட்டுவது மேக் முகவரியால் அல்ல, அந்தக் கணினிக்கென்று இயங்குதளம் வைத்திருக்கும் மெஷின்-ஐடி என்ற அடையாளத்திலிருந்து பிறந்த எண்ணால். அந்த ஐடியும் தாயிடமிருந்து அப்படியே வந்திருக்கும். ஈடிசி (/etc) கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கி, தாயை அணைத்து, பிறகு குளோன் எடுங்கள். ஒவ்வொன்றும் முதல்முறை எழும்போது புது ஐடி எழுதிக்கொள்ளும். ஏற்கெனவே எடுத்துவிட்டால் குளோனில் காலியாக்கி ரீபூட் செய்தால் போதும்.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் சாவிகளும் இப்படியே ஒன்றாக வரும். ஹோஸ்ட் சாவிகள் எனப்படும் அவற்றை நீக்கிவிட்டு, அந்தச் சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை மறுபடி கான்ஃபிகர் செய்ய வேண்டும். நீக்கியதோடு விட்டால் அந்தச் சேவை எழாது. ஆகவே இந்த வேலையை நெட்வொர்க் வழியாகச் செய்யாமல் குளோனின் சொந்தத் திரையில் செய்யுங்கள். ஹோஸ்ட்நேமையும் (கணினியின் பெயரையும்) அப்போதே மாற்றிவிடலாம். விண்டோஸ் என்றால் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியைத் தாயில் 'ஜெனரலைஸ்' தேர்வோடு ஓட்டி, அணைத்த பிறகே குளோன்.

தேயிலைப் போத்து ஒரு இலையும் அதன் கணுவும் கொண்ட, 3 செ.மீ. அளவுக் குச்சி. நல்ல தாய்ச்செடியைத் தேர்ந்து வெட்டுவார்கள். தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் உபாசி-9 போன்ற ரகங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவியது இப்படித்தான். ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் கொப்புள நோய்க்கு ஒரு செடி இளைத்தால் அந்த வயல் முழுக்க இளைக்கும். மெய்நிகர் கணினியிலும் தாயில் உள்ள பாதுகாப்பு ஓட்டை அத்தனை குளோனிலும் இருக்கும். ஆகவே தாயில் அப்டேட் எல்லாம் போட்டு, ஒருமுறை ரீபூட் செய்து பார்த்து, மெஷின்-ஐடியைக் காலியாக்கி அணைத்த பிறகே போத்து வெட்டுங்கள்.