டேபிள் சாவை கழட்டி இடம் மாத்தப் போறவங்களுக்கு

டேபிள் சான்னா மேசைப் பலகைக்கு நடுவுல வட்ட பிளேடு நீட்டிக்கிட்டிருக்கிற மரம் அறுக்கிற மெஷின். அது ஓடும்போது எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருக்காங்க. கரண்டை நிறுத்தி பிளேடையும் எடுத்து வச்சதுக்கப்புறம் "இனிமே வெறும் இரும்புதானே, ஆளுக்கொரு மூலை பிடிங்க"ன்னு ஆரம்பிப்பாங்க பாருங்க, விரல் நசுங்குறதும் இடுப்பு பிடிச்சிக்கிறதும் அங்கதான். பட்டறை மெஷின்களை கழட்டி மாட்டுறது என் தொழில்ங்கறதால இதை அடிக்கடி பாக்குறேன், அதான் எழுதுறேன்.

முதல்ல எடைக் கணக்கு. அடியில பெட்டி மாதிரி மூடியிருக்கிற கேபினெட் சா சாதாரணமா 200லேர்ந்து 300 கிலோ வரும். நியாஷ்னு அமெரிக்காவுல ஒரு தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு இருக்கு, அவங்க கணக்குப்படி எல்லாமே வசதியா அமைஞ்சாக்கூட ஒரு ஆள் தூக்கலாம்ங்கற வரம்பு 23 கிலோதான். 250 கிலோ மெஷினை நாலு பேர் தூக்குனா தலைக்கு 62 கிலோவுக்கு மேல, அதுவும் சமமா பிரியாது, மோட்டார் இருக்கிற பக்கம் நிக்கிற ஆள் மேலதான் பாரம் அதிகமா விழும். போதாததுக்கு மேல்பலகை வார்ப்பிரும்பு, அதனால கனமெல்லாம் மேல இருக்கும், அடி குறுகல், லேசா சாஞ்சாலே அப்படியே கவுந்துடும். அதனால தூக்குறதைப் பத்தி யோசிக்காதீங்க, எடையைப் பிரிக்கிறதைப் பத்தி யோசிங்க.

கரண்டு விஷயத்துல சுவிட்சை ஆஃப் பண்ணா போதாது. பிளக் இருந்தா உருவி கண்ணுக்கு முன்னாடி போட்டு வைங்க, நேரா வயர் இழுத்த த்ரீ பேஸ்னா மெயின்ல நிறுத்தி பூட்டிட்டு டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு எலக்ட்ரீஷியனை வச்சே கழட்டுங்க. எந்த வயர் எங்க இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, எதுக்குன்னு கடைசியில சொல்றேன். சிங்கிள் பேஸ் மோட்டார்ல கெப்பாசிட்டர் இருக்கும், கரண்டு போனப்புறமும் அதுல சார்ஜ் நிக்கலாம், அந்த டப்பாவைத் திறந்து கை விடாதீங்க.

பிளேடு நட்டு கழலலைன்னு ஸ்பேனர் மேல ஏறி மிதிக்கிறவங்க உண்டு. பிளேடு எந்தத் திசையில சுத்துமோ அதே திசையில, அதாவது நாம நிக்கிற பக்கமா இழுத்தா நட்டு கழலும். பிளேடு அசையாம இருக்க பல்லுக்கு நடுவுல ஒரு மரக்கட்டையைக் கொடுங்க. மெஷின் ஓடும்போதுதான் கிளவுஸ் கூடாது, பிளேடைக் கையில எடுக்கும்போது போட்டுக்கணும்.

அப்புறம் கழட்ட வேண்டியது ஃபென்ஸ் (மரத்தை நேரா தள்ள வழி காட்டுற சட்டம்), அது ஓடுற ரெயில், அதுக்கப்புறம் மேல்பலகைக்கு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருக்கிற இறக்கைப் பலகை. இந்த இறக்கைலதான் நெறய பேர் மாட்டிக்கிறாங்க. அதுவும் வார்ப்பிரும்புன்னா ஒண்ணொண்ணும் நல்ல கனம், கடைசி போல்ட் வெளிய வந்த நொடியே தொபுக்குன்னு கால்ல விழும். அடியில முட்டுக் கொடுத்துட்டோ ஒரு ஆள் தாங்கிப் பிடிச்சிருக்கும்போதோதான் கடைசி போல்ட்ல கை வைக்கணும். வார்ப்பிரும்பு வளையாது, கீழ விழுந்தா நேரா விரிசல்தான், வெல்டு வைக்கிறதும் லேசுப்பட்ட வேலை இல்ல.

மேல்பலகையைக் கழட்டுறதுக்கு முன்னாடி அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. கேபினெட் சாவுல பிளேடைத் தாங்குற அமைப்பு பெரும்பாலும் பெட்டியோட இருக்கும், பலகையை மட்டும் தனியா எடுத்துடலாம். ஸ்டாண்டு மேல நிக்கிற சின்ன வகைகள்ல அந்த அமைப்பே பலகைக்கு அடியிலதான் தொங்கும், பலகையைக் கழட்டுனா எல்லாம் சேந்து வரும், அதனால அதுல மோட்டாரை முதல்ல இறக்கிடுங்க. பலகைக்கும் பெட்டிக்கும் நடுவுல மெல்லிசா தகடுங்க இருந்தா எந்த மூலையில எத்தனைன்னு குறிச்சு தனித்தனி கவர்ல போடுங்க, குப்பைன்னு கூட்டித் தள்ளிட்டா பலகை திரும்ப மட்டத்துக்கு வர்றது பெரும்பாடு.

பெட்டியோட மோட்டாரையும் சேத்து நகத்துறதா இருந்தா பிளேடு சாய்வை பூஜ்யத்துல வச்சு, பிளேடு மாட்டுற தண்டை முழுசா கீழ இறக்கி, மோட்டார் ஆடாம இருக்க கட்டை கொடுங்க. மோட்டார் எடை மொத்தமும் ஒரு பிவட்லயும் (திரும்புற அச்சு) கியர்லயும்தான் தொங்குது, வண்டி குலுங்குற குலுக்கல்ல கியர் பல்லு உடைய வாய்ப்பிருக்கு. தூக்கவும் கயிறு கட்டவும் கைச்சக்கரம், ரெயில், மோட்டார் இதெல்லாம் பிடிமானம் கிடையாது, பெட்டியோட உடம்பைத்தான் பிடிக்கணும். கடப்பாரையால கொஞ்சம் நெம்பி கட்டை செருகி, இன்னும் கொஞ்சம் நெம்பி இன்னொரு கட்டை, அப்புறம் பேலட் டிரக்கோ இரும்புப் பைப் உருளையோ. கட்டையை இன்னொரு கட்டையால தள்ளுங்க, விரலால தள்ளாதீங்க. சரிவிலயோ படியிலயோ இறக்கும்போது மெஷினுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிக்கக்கூடாது, "நான் தாங்கிப் பிடிச்சுக்கறேன்"னு வர்ற பலசாலியை முதல்ல தள்ளி நிக்க வைங்க.

புது இடத்துல மாட்டி முடிச்சதும் மேல்பலகையில இருக்கிற நீளக் குழிக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை முன்னாடியும் பின்னாடியும் அளங்க, ரெண்டு தடவையும் அதே பல்லை வச்சுத்தான் அளக்கணும். வித்தியாசம் இருந்தா மரம் பிளேடோட பின்பக்கப் பல்லுல உரசி நம்ம மேலயே திரும்பி அடிக்கும். ஃபென்ஸையும் அதே குழிக்கு நேரா வச்சுக்கோங்க.

வயர் போட்டோ எதுக்குன்னா, த்ரீ பேஸ்ல ரெண்டு வயர் மாறிட்டா மோட்டார் எதிர்த் திசையில சுத்தும், பிளேடு நட்டே கழண்டுக்கலாம். எர்த் சரியா இருக்கான்னு பாத்துட்டு, பிளேடு இல்லாம ஒரு செகண்ட் ஓடவிட்டு, தண்டோட மேல்பக்கம் நம்மளைப் பாத்து சுத்துதான்னு பாருங்க. அது சரின்னா கரண்டை மறுபடி நிறுத்திட்டு பிளேடு, பிளேடுக்குப் பின்னாடி நின்னு அறுத்த மரம் பிளேடை நெருக்காம பாத்துக்கிற பிளவுக் கத்தி, மேல் மூடி மூணையும் மாட்டுங்க. சோதிச்சுப் பாக்கத்தானேன்னு மூடி இல்லாம முதல் கட்டையை வைக்காதீங்க.