சர்க்கரை ஏறினால் கண்ணாடி பவர் ஏன் மாறுகிறது?

"அம்மாவுக்கு வயது 56. பத்து வருஷமாக வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது. போன மாதத்திலிருந்து கண்ணாடி போடாமலே மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறார். சமயபுரத்தாளுக்குக் கண்மலர் வாங்கிப் போட வேண்டும் என்கிறார். இது எப்படி சார்?" திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கண்மலர் தாராளமாகப் போடட்டும். கிளம்பும் முன் ஒரு சுகர் டெஸ்ட் மட்டும் எடுத்துவிடுங்கள். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு தெரிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். தூரம் மங்கலாகிப் பக்கம் தெளிவாகியிருந்தால், வெள்ளெழுத்து போகவில்லை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மாறியிருக்கிறது. கண்புரை தொடங்கும்போதும் இப்படி ஆவதுண்டு. ஆனால் அது மெல்ல வரும். சில வாரங்களில் வந்தால் எனக்கு முதல் சந்தேகம் சர்க்கரை மேல்தான்.

லென்ஸ் ஒரு விசித்திரமான பொருள். 9 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன். ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய எல்லாவற்றையும் துறந்துவிட்ட சந்நியாசி. ரத்தக்குழாய் கிடையாது. நடுவில் இருக்கும் நார் செல்களில் நியூக்ளியஸ் கிடையாது, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. இருந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும். சாப்பாடு முழுக்க, சுற்றி ஊறும் தெளிந்த திரவத்திலிருந்து வருகிற குளுக்கோஸ்தான்.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தாராளமாகப் போக வேண்டுமென்றால் இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். லென்ஸில் அந்தக் காவல் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற உள்ளேயும் ஏறும்.

உள்ளே வந்ததைப் பிடித்துக்கொள்வது ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி. சாதாரண நாட்களில் பெரும்பகுதி அதன் கையிலேயே தீர்ந்துவிடும். பக்கத்தில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்று இன்னொரு நொதி அநேகமாகச் சும்மா உட்கார்ந்திருக்கும். குளுக்கோஸ் மேல் அதற்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. சர்க்கரை எகிறும்போது ஹெக்ஸோகைனேஸுக்குக் கை நிறைந்துவிடுகிறது. மிச்சம் இந்தப் பக்கம் வழிகிறது. சும்மா இருந்த ஆள் வேலையைத் தொடங்கி, குளுக்கோஸை சார்பிட்டாலாக மாற்றித் தள்ளுகிறார். 'சுகர் ஃப்ரீ' சூயிங்கம்மில் போடுகிறார்களே, அதே சார்பிட்டால்.

நான் ரசிக்கும் இடம் இதுதான். குளுக்கோஸ் வந்த வழியே திரும்பிப் போய்விடலாம். சார்பிட்டாலால் செல் சவ்வை எளிதில் தாண்ட முடியாது. அதை ஃப்ரக்டோஸாக மாற்றிக் கழிக்க வேண்டிய நொதியோ மந்தகதி ஆசாமி. எனவே சார்பிட்டால் தேங்குகிறது. தேங்கினால் என்ன ஆகும் என்று பாயசத்தில் உப்பிய திராட்சையைக் கேளுங்கள். தண்ணீர் உள்ளே வருகிறது, லென்ஸ் ஊதுகிறது, வளைவு கூடுகிறது, பவர் ஏறுகிறது. பக்கத்தில் இருப்பது தெளியும், தூரம் மங்கும்.

ஆராய்ச்சியாளர் ஜின் கினோஷிட்டா விலங்குகளின் லென்ஸை வைத்து சார்பிட்டால் தேங்கித் தண்ணீரை இழுக்கும் இந்த ஊடுபரவல் கணக்கைப் போட்டார். மனித லென்ஸில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் குறைவு என்பதால் இது மட்டுமே காரணமா என்ற வாதம் ஓயவில்லை. இந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள் எலியின் கண்புரையைத் தள்ளிப்போட்டன. மனிதர்களிடம் அந்த ஜாலம் பலிக்கவில்லை.

கதையின் இரண்டாம் பாதி இன்னும் மோசம். சர்க்கரை தெரிந்து மாத்திரை தொடங்குகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது, லென்ஸுக்குள் சார்பிட்டால் இறங்கவில்லை. தண்ணீர் மேலும் பாய்ந்து உள்ளிருக்கும் சரக்கு நீர்த்து, ஒளியை வளைக்கும் திறன், அதாவது ஒளிவிலகல் எண், குறைகிறது. பவர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. நேற்றுவரை பேப்பர் படித்தவருக்கு இன்று தட்டில் இருக்கும் மீன் முள் தெரியவில்லை. "மாத்திரை கண்ணைக் கெடுத்துடுச்சு" என்று என் பெரியப்பா மாத்திரையை நிறுத்தியது இப்படித்தான். சில வாரங்கள் பொறுத்திருந்தால் தானே சரியாகியிருக்கும். அதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. பாகற்காய் ஜூஸ் சொல்லத்தான் தெருவெல்லாம் ஆள் இருந்தது.

இதனால்தான் கண் முகாமில் சுகர் பார்ப்பதை ஒரு சடங்காக நினைக்கக் கூடாது என்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை, சுவரில் எழுத்துப் பலகை, சோதனைச் சட்டத்துக்குள் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு "இதுவா, அதுவா?" என்று கேட்கும் பெண். அந்த வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள். காய்ச்சல் வராமல் ஆஸ்பத்திரிப் படி ஏறாதவர்கள்கூட கண் மங்கினால் வருவார்கள். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி. இவர்களில் பலருக்கு விஷயமே தெரியாது. கண்புரை ஆபரேஷனுக்கு முன் சுகர் பார்ப்பது வழக்கம் என்பதால் அங்கே அகப்படுகிறவர்கள் உண்டு. வெறும் கண்ணாடிக்கு வந்தவர் தப்பிவிடுகிறார்.

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, சில விநாடி. முகாமில் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு 140ஐத் தாண்டினால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்பலாம். அங்கேயே நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. வெறும் வயிற்றில் 126, அல்லது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம், அதற்கு மேல் என்றால்தான் அந்தப் பேச்சு. அதையும் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். இலவசக் கண்ணாடிக்கு நன்கொடையாளர் கிடைக்கிறார், மேடையில் மாட்டிவிட்டுப் போட்டோ எடுக்கலாம். டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்கு யார் போட்டோ எடுப்பார்கள்? சுகர் 300இல் இருப்பவருக்குக் கொடுத்த கண்ணாடி இரண்டு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

இன்னொன்று: பவர் சரியானால் கண் சரி என்று அர்த்தமில்லை. லென்ஸ் பழைய நிலைக்குத் திரும்பும். பின்னால் விழித்திரையின் நுண்குழாய்களில் விழுந்த ஓட்டை திரும்பாது, ஆரம்பத்தில் வலிக்கவும் செய்யாது. சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு தடவை, பிறகு வருஷம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

வாசகரிடமிருந்து பதில் வந்தது. அம்மாவுக்கு வெறும் வயிற்றில் 268. மாத்திரை தொடங்கியாயிற்று. புதுக் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்கிறார். இப்போது வேண்டாம்; சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் போகட்டும். அதுவரை பேப்பரை மகன் படித்துக் காட்டலாம்.