“ரெண்டிலயும் இருக்குத்தானே தம்பி!”

“ரெண்டு ஹாட் டிஸ்க்கிலயும் இருக்குத்தானே தம்பி, ஒண்டிலயிருந்தாவது எடுத்துத் தாங்கோ” என்று சொல்லி, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓர் அம்மா கடந்த வாரம் தரவு மீட்கும் என் மேசையில் இரண்டு வெளி வன்தட்டுகளை வைத்தார். அவற்றைப் பொருத்திப் பார்ப்பதற்கு முன்னரே விடை எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மாதத்தில் மட்டும் அதே வாசகத்தை மூன்று பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். அவருடைய மகன் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையை, வீட்டிலுள்ளோர் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் சேவராக மாற்றி, இரண்டு யூ.எஸ்.பி. தட்டுகளை ரெயிட் 1 என்ற இரட்டைப் பிரதி முறையில் இணைத்து, குடும்பத்தின் புகைப்படங்கள் அனைத்தையும் அதில் சேர்த்து வைத்திருந்தார். இடம் போதாமல் போன ஒரு நாளில் வீட்டில் யாரோ பழைய கோப்புறை ஒன்றை அழித்துவிட்டார்கள். யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

நிலைக்கண்ணாடியின் முன் நின்று தன் தலைமுடியை வெட்டிக்கொண்டவர், கண்ணாடிக்குள் இருப்பவரிடமாவது முடி மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்ப்பாரா? ரெயிட் 1 என்பது அந்தக் கண்ணாடிதான். நீங்கள் எழுதுவதை அது இரண்டு தட்டுகளிலும் எழுதுகிறது. நீங்கள் அழிப்பதையும் அதே கணத்தில் இரண்டிலும் அழிக்கிறது. பிழையாகத் திருத்திச் சேமித்த கணக்குக் கோப்பு இரண்டிலும் பிழையாகவே இருக்கும். கப்பம் கேட்கும் வைரஸ் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளே இரண்டிலும் கிடைக்கும். தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை சிதைந்தால், சிதைவுக்கும் இரண்டு பிரதிகள். ஒரு தட்டு பழுதடைந்தாலும் வேலை நிற்காமல் மற்றதில் தொடர வேண்டும் என்ற ஒரேயொரு தேவைக்காகத்தான் இம்முறை உருவாக்கப்பட்டது. அரை நாள் சேவர் நின்றால் நட்டப்படும் அலுவலகத்துக்கு அது அவசியம். கலியாண வீட்டுப் படங்களை நாளைக்குப் பார்த்தாலும் போதும் என்றிருக்கும் வீட்டுக்கு அது எதற்கு என்பதே என் கேள்வி. இதை நான் சொல்லும்போதெல்லாம், “அப்ப கடைக்காரர் பெக்கப் எண்டுதானே சொன்னவர்” என்பார்கள். கடைக்காரருக்கு இரண்டு தட்டுகள் விற்க வேண்டியிருந்தது.

அழிந்ததை மீட்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய சேவர்களை இயக்கும் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட் 4 கோப்பு முறைமை, ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் துண்டுகள் தட்டில் எங்கெங்கே இருந்தன என்ற குறிப்பையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. அதனால் படங்களை அவற்றின் வடிவத்தைக் கொண்டு தட்டு முழுவதும் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கும். பெயரும் கோப்புறையும் திரும்பி வருவது அபூர்வம். அந்த அம்மாவின் வீட்டில் அழித்த பின்னரும் மூன்று கைத்தொலைபேசிகள் புதிய படங்களைத் தாமாகவே அனுப்பிக்கொண்டிருந்தன. அவை எழுதிய இடங்களில் இருந்தவை போனவைதான்.

இந்த மாதத்து இரண்டாவது வாடிக்கையாளரின் கதை வேறு. அவருடைய இரு தட்டுகளில் ஒன்று பல மாதங்களுக்கு முன்னரே இணைப்பிலிருந்து விழுந்துவிட்டது. சேவர் மற்றதை வைத்துக்கொண்டு சத்தமின்றி ஓடியிருக்கிறது. அந்த மற்றதும் செயலிழந்த பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். யூ.எஸ்.பி.யில் இது சாதாரணம். ராஸ்பெரி பை 4இன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் சேர்ந்து கொடுக்கக்கூடிய மின்னோட்டம் 1.2 அம்பியர் மட்டுமே, 2.5 அங்குலத் தட்டொன்று சுழலத் தொடங்கும்போது தனியாகவே 1 அம்பியர் வரை கேட்கலாம். இரண்டும் ஒன்றாக எழும்பினால் ஒன்று தடுக்கி விழத்தானே செய்யும்? தனி மின்வழங்கல் உள்ள ஹப் ஒன்றை வாங்குங்கள், அல்லது சொந்த அடப்டர் உள்ள பெரிய தட்டுகளைப் பயன்படுத்துங்கள். கொழும்பின் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவர்கள், உப்புக் காற்றில் கறுத்துப்போகும் செருகிகளையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும்.

லினக்ஸில் ரெயிட்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ (U) எழுத்துகள் இருந்தால் இரு தட்டுகளும் நலம். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் நீங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள். மின்னஞ்சல் எச்சரிக்கையை அமைத்துவிட்டு, ஒரு தட்டை வேண்டுமென்றே கழற்றி, கடிதம் வருகிறதா என்றும் பாருங்கள். மீண்டும் பொருத்தியதும் அதை ரெயிட் இணைப்புக்குள் சேர்த்துவிட மறந்துவிடாதீர்கள்.

சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி கொழும்புக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும் சேவரையும் இரு தட்டுகளையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுகிறார்கள். ஒரு மின்னல் போதும். மூன்றும் ஒன்றாகவே போகும். சிறிய யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் எழுதும் நடுவில் மின்சாரம் நின்று இரு பிரதிகளும் வேறுபட்டுவிட்டால், எது சரியானது என்று லினக்ஸின் சாதாரண ரெயிட்டுக்குத் தெரியாது. இசட்.எப்.எஸ்., பி.டி.ஆர்.எப்.எஸ். ஆகிய கோப்பு முறைமைகள், தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை வைத்திருப்பதால் அவற்றுக்குத் தெரியும்.

தயவுசெய்து, இரண்டு தட்டுகள் மட்டுமே வாங்க வசதியிருந்தால் கண்ணாடி முறையே வேண்டாம். ஒன்றைச் சேவரில் விடுங்கள். மற்றதை வாரம் ஒரு முறை பொருத்தி, ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் மென்பொருள் கொண்டு பிரதி எடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள். பிரதி எடுக்கும்போது, மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும் தெரிவைப் போட்டுவிடாதீர்கள். போட்டால் மறுபடியும் அதே கண்ணாடிதான். மூன்றாவது தட்டுக்குப் பணம் சேர்ந்ததும் அதைத் தெஹிவளையிலோ நீர்கொழும்பிலோ இருக்கும் சகோதரி வீட்டில் கொடுத்து வையுங்கள். பிரதியிலிருந்து ஒரு கோப்புறையையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்த்த பிறகே அதைப் பிரதி என்று அழையுங்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களானால், சேவரை உடனே நிறுத்துங்கள். இணையத்தில் கண்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்காதீர்கள். கொண்டு வரும்போது இரு தட்டுகளையும் அவற்றின் உறைகளோடும் அடப்டர்களோடும் கொண்டு வாருங்கள். சில வகை உறைகளுக்குள் இருக்கும் சிறு பலகையே தரவைக் குறியாக்கி எழுதுகிறது; அது இல்லாமல் தட்டைப் படிக்க முடியாது. அந்த உறையை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் தட்டோடு வந்தவர்தான் மூன்றாமவர்.