எஞ்சின் மிஸ் அடிக்கிறதா? பம்பைக் கழற்றும் முன் டேங்கைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும் நாட்களில்தான் "எஞ்சின் மிஸ் அடிக்கிறது", அதாவது ஓட்டத்தில் தாளம் தப்புகிறது என்ற அழைப்புகள் எனக்கு அதிகம் வருகின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றே. இரண்டு மாதமாக டீசல் டேங்க் அரைகுறையாகக் கிடந்திருக்கும். காலியாக இருக்கும் மேற்பகுதியில் ஈரக்காற்று நிற்கும். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்தகடு வியர்த்து, நீர் அடியில் போய்ச் சேரும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தளம் கழுவிய உப்புநீரும் உள்ளே இறங்கும். டீசலைவிட நீர் கனமானது என்பதால் அடியிலேயே தங்கிவிடும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுத்த வழுவழுப்பான கசடாகப் படியும். கரையில் நிற்கும்வரை எதுவும் தெரியாது. முதல் அலையில் டேங்க் கலங்கியதும் எல்லாம் குழாயில் ஏறிவிடும்.

இதைப் பார்க்காமல், எடுத்த எடுப்பில் எஃப்ஐபி பம்பை, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றிப் பம்பு கடைக்கு அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கடன் வாங்கித் தொழிலுக்குப் போகிறவர்களின் பணம் அது. பம்பு சர்வீஸ் ஆகி வரும். டேங்கில் அதே நீர் இருக்கும். மிஸ்ஸும் திரும்பி வரும். பம்புக்குள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும், அது ஓடும் உருளையான பேரலுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). அங்கே நீர் புகுந்தால் மசகு கெட்டுத் துருப்பிடிக்கும். அப்போது உண்மையாகவே பம்பு போய்விடும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே தாளத்தில், ஒரு அடி மட்டும் விழாமல் ஓடினால் ஒரு சிலிண்டரில் கோளாறு. வேகம் தானாக ஏறி இறங்கி அலைபாய்ந்தால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கிறது. ஐடிலிங்கில், அதாவது சுமையில்லாமல் மெதுவாக ஓடும்போது ஒழுங்காக ஓடி, வலை இழுக்கும்போது மட்டும் திணறினால் டீசல் போதுமான அளவு வரவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்குக்குள் காற்று போய்வரும் வென்ட் குழாயும் அடைத்திருக்கலாம். தடைக்காலத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வென்ட் வாயையும் சேர்த்துப் பூசிவிடுவது உண்டு. டேங்க் மூடியைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து எஞ்சின் தெளிந்தால், கோளாறு வென்ட்டில்தான்.

அடுத்து, டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடியுங்கள். சிறிது நேரம் அசையாமல் வைத்தால் நீர் அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். அப்படி நின்றால் டேங்கின் அடியையும் வடித்தாக வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்புவதில் பயனில்லை. புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து நேராக டீசல் ஊற்றவும் வேண்டாம். வடிகட்டாத அந்த டீசல் சுத்தமான பக்கத்தில் விழுந்தால் தூசி நேரே பம்புக்குப் போகும். டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை அழுத்தியே நிரப்புங்கள்.

மிகவும் ஏமாற்றுவது காற்றுதான். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பு வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல, அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் கசிவு இல்லையே" என்று டிரைவர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் குழாய் ஒரு முழம் தற்காலிகமாகப் பொருத்திப் பாருங்கள். குமிழ் ஓடினால், கிளாம்ப்புகள், வெடித்த ஹோஸ், பழைய செம்பு வாஷர் என்று டேங்க் வரை தேடிக்கொண்டே போக வேண்டும். சரிசெய்த பிறகு ஃபில்டர் தலையிலுள்ள, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தி, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள்.

ராமேசுவரம் பக்கம் இதற்கு இன்னும் கவனம் தேவை. பாக் நீரிணையில் எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் எல்லைக்கு அப்பால் இழுத்துப்போய்விடும். பிறகு கைது, வழக்கு, படகு பறிமுதல் என்று குடும்பமே அலைய வேண்டியிருக்கும்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் என்றால், பழைய மெக்கானிக்கல் பம்பு உள்ள எஞ்சின்களில் ஒரு சோதனை உண்டு. ஐடிலிங்கில், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் ஒவ்வோர் இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் சிறிது தளர்த்தி உடனே இறுக்குவோம். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர் கெட்டிருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் பம்பு எலிமென்ட்டையோ (அந்தச் சிலிண்டருக்கான பிளஞ்சர், பேரல் ஜோடி) கம்ப்ரஷனையோ (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்க்க வேண்டும். பம்பு கடைக்குப் போக வேண்டிய நேரம் அதுதான்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து உயரழுத்த டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கும் மேல். பழைய எஞ்சினிலும் கையுறையும் கண்ணாடியும் போட்டு, நட்டின் மேல் துணியைச் சுற்றியே தளர்த்துங்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரலாம். அப்படி ஆனால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே பாய்ந்த காயம் என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.