தானாக இறங்கும் கை ஆக்சிலேட்டர்: பழைய டிராக்டரில் தேய்வது எது, சரிசெய்வது எப்படி?

பழைய டிராக்டரில் கை ஆக்சிலேட்டரை ஏற்றி வைத்துவிட்டு இறங்கினால், சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் மெல்லத் தணியும். போய்ப் பார்த்தால் லீவர் பாதி தூரம் இறங்கியிருக்கும். மாஸி ஃபெர்குசன் 1035 போல நெடுங்காலம் உழைத்த வண்டிகளில் இது சகஜம். இதற்குக் கைவைத்தியங்களும் உண்டு. நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள். சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி வாஷராகப் போடுவார்கள். எதற்கும் மசியாவிட்டால் லீவரைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். முதல் இரண்டும் சில நாள் தாங்கும். மூன்றாவதைச் செய்யவே கூடாது. கதிரடிக்கும் எந்திரத்தில் துணி சிக்கினால் முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது.

வேகம் கொஞ்சம்தானே குறைகிறது என்று விட்டுவிடவும் முடியாது. பி.டி.ஓ. தண்டு (எஞ்சின் சக்தியைக் கருவிகளுக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் என்ற கணக்கில்தான் பின்னால் பூட்டும் கருவிகளைச் செய்கிறார்கள். அதில் தண்ணீர் பம்ப் பூட்டியிருந்தால் விளைவு இன்னும் கூர்மையாகத் தெரியும். மையவிலக்குப் பம்ப் நீரைத் தள்ளும் உயரம் சுழல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் குறைந்தால் உயரம் 19 சதவீதம் குறையும். ஆழக் கிணறாக இருந்தால், எஞ்சின் ஓடும், தண்ணீர் மட்டும் நின்றுபோகும்.

லீவர் ஏன் இறங்குகிறது? அதன் மறுமுனையில் ஒரு ஸ்பிரிங் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. டீசல் பம்ப்புக்குள் இருக்கும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்படுத்தி, 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய அதே தத்துவத்தில் இயங்குகிறது. சுழலும் எடைகள் வேகம் கூடக்கூட வெளியே விரிந்து டீசலைக் குறைக்கப் பார்க்கும். அதை எதிர்த்து ஒரு ஸ்பிரிங் டீசலைக் கூட்டப் பார்க்கும். இரண்டும் சமமாகும் வேகத்தில் எஞ்சின் நிலைத்து ஓடும். நாம் கை லீவரை ஏற்றும்போது அந்த ஸ்பிரிங்கை இழுத்து விறைப்பாக்குகிறோம். இந்த வேகத்தில் ஓடு என்ற கட்டளை மட்டும்தான் லீவருடையது. அதற்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்பதைச் சுமையைப் பார்த்துக் கவர்னரே முடிவு செய்கிறது.

விறைத்த ஸ்பிரிங் எப்போதும் ஸ்லோ, அதாவது மிகக் குறைந்த வேகத்தின் பக்கமே திரும்பப் பார்க்கும். வெளியே தனியாக ஒரு திரும்பு ஸ்பிரிங் மாட்டிய வண்டிகளும் நிறைய உண்டு. இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு: இணைப்புக் கம்பி அறுந்தாலோ கழன்றாலோ எஞ்சின் தறிகெட்டு ஓடாமல் ஸ்லோவுக்கு வரவேண்டும். ஆகவே ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைப்பது தீர்வாகாது. அதை எதிர்த்துப் பிடிக்கும் உராய்வு போதவில்லை என்பதே கோளாறு.

அந்த உராய்வு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மாடலுக்கு மாடல் சற்று மாறினாலும் பொதுவான அமைப்பு இதுதான்: லீவரின் அடித்தகடு இரண்டு ஃபைபர் வட்டுகளுக்கு நடுவே இருக்கும். அவற்றை ஒரு சுருள் ஸ்பிரிங்கும் நட்டும் சேர்த்து அழுத்தும். கணக்கு எளிது. கம்பி 4 கிலோ விசையில் இழுக்கிறது, அது பூட்டியிருக்கும் கை 50 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் திருப்புவிசை 200 கிலோ-மி.மீ. எஞ்சின் அதிர்வையும் தாங்க வேண்டுமென்றால் இரு மடங்கு, அதாவது 400 பிடிமானம் தேவை. வட்டின் சராசரி ஆரம் 20 மி.மீ., உராய்வுக் கெழு 0.35, உராயும் முகங்கள் இரண்டு. மூன்றையும் பெருக்கினால் 14. 400ஐ 14ஆல் வகுத்தால், ஸ்பிரிங் ஏறக்குறைய 29 கிலோ அழுத்தத்தில் இருக்க வேண்டும்.

இதே வட்டில் எண்ணெய் பட்டால் உராய்வுக் கெழு 0.1 அளவுக்கு விழுந்துவிடும். 29 கிலோ அழுத்தம் அப்படியே இருந்தாலும் பிடிமானம் 116தான். இழுப்போ 200. லீவர் இறங்கிவிடும். கீச்சென்று சத்தம் வருகிறதே என்று லீவர் அடியில் ஆயில் விடும் பழக்கம் எத்தனை வண்டிகளைக் கெடுத்திருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

நட்டை இறுக்கும் வைத்தியம் தோற்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. ஒரு மி.மீ.க்கு 4 கிலோ தரும் நீளமான ஸ்பிரிங்கை 7 மி.மீ. சொச்சம் அமுக்கினால் 29 கிலோ கிடைக்கும். வட்டு அரை மி.மீ. தேய்ந்தாலும் 2 கிலோதான் போகும். ஆனால் நட்டை இறுக்கி இறுக்கி ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அது ஸ்பிரிங்காக இருக்காது, வெறும் இரும்புக் குழாய்தான். பிறகு 0.1 மி.மீ. தேய்ந்தாலே, சுற்றுகள் ஒட்டியபின் கூடுதலாக ஏற்றிய அழுத்தம் முழுவதும் போய்விடும். முதல் நாள் லீவர் அசையவே மறுக்கும், அடுத்த வாரம் மறுபடி விழும். டியூப் ரப்பரும் அப்படித்தான்: அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி மெலியும், டீசல் பட்டால் ஊறிக் கெடும்.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, இணைப்புக் கம்பியை டீசல் பம்ப் முனையில் கழற்றுங்கள். பம்ப் கையை (கம்பி பூட்டியிருந்த சிறு லீவரை) விரலால் தள்ளிவிட்டால் அது தங்குதடையின்றி ஸ்லோ நிறுத்தத்துக்கு, அதாவது ஸ்லோ பக்கம் அது முட்டி நிற்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். திக்கித் திக்கி வந்தால் கோளாறு பம்ப் பக்கம். அதைச் சரிசெய்யாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. சரியாகத் திரும்பினால் கம்பியை மாட்டிவிட்டு, லீவர் குமிழில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு, நடுத்தூரத்தில் வைத்து இரு பக்கமும் மெதுவாக இழுங்கள். ஏற்றும்போது உராய்வும் ஸ்பிரிங்கும் சேர்ந்து எதிர்க்கும். இறக்கும்போது உராய்வு எதிர்க்க, ஸ்பிரிங் நமக்கு உதவும். இரண்டு அளவுகளின் கூட்டலில் பாதி உராய்வு, கழித்தலில் பாதி ஸ்பிரிங். ஏற்ற 3 கிலோ, இறக்க 1 கிலோ என்றால் உராய்வு 2, ஸ்பிரிங் 1: போதுமான நிலை. ஏற்ற 2.2, இறக்க 0.2 என்றால் உராய்வு 1.2தான். நின்ற வண்டியில் லீவர் நிற்கும், அதிர்வு வந்ததும் இறங்கும். ஏற்றும் அளவு இறக்கும் அளவைப் போல் 3 மடங்கைத் தாண்டக் கூடாது என்று நினைவில் வைத்தால் போதும். ஸ்பிரிங் பங்கு மட்டும் அளவுக்கு மீறி இருந்தால், யாராவது பொருத்தமில்லாத தடித்த திரும்பு ஸ்பிரிங்கை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனிப் பிரிக்கலாம். டேஷ்போர்டு அடியில் ஒயர்கள் இருப்பதால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பாகங்கள் வெளியே வரும் வரிசையில் ஒரு தட்டில் அடுக்குங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பதுதான் பின்னால் தலைவலி தரும். இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, உராயும் முகங்களைக் கடைசியாகத் தின்னரில் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டுச் செல்லும் மெல்லிய படலமே வழுக்கப் போதும்.

எண்ணெய் ஊறிய ஃபைபர் வட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பாகம் கிடைக்காவிட்டால் 3 மி.மீ. தடிமன் புதிய க்ளட்ச் லைனிங்கில் வெட்டிக்கொள்ளலாம். கழித்துப் போட்ட பழைய லைனிங்கை எடுக்காதீர்கள்: அதில் கல்நார் இருக்கக்கூடும், அறுக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. பழைய வட்டைக் கழற்றும்போதும் ஊதவோ உலர்வாகத் தேய்க்கவோ கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். வட்டு உட்காரும் இரும்பு முகத்தைக் கண்ணாடிப் பலகை மேல் விரித்த 320 எமரித் தாளில் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். ஆழமான வரி விழுந்திருந்தால் லேத்தில் ஒரு சீவல் சீவ வேண்டும்.

அடுத்து லீவரின் அச்சுத் துளை. 12 மி.மீ. துளை 12.5 ஆகியிருந்தால் லீவர் சாய்ந்து வட்டின் ஓரத்தை மட்டும் கடிக்கும். புது வட்டும் சீக்கிரம் தேயும். துளையை 14 மி.மீ.க்குப் பெரிதாக்கி, உள்விட்டம் 12 உள்ள நைலான் புஷ் (துளைக்குள் இறுகும் சிறு குழல்) அடித்தால் எண்ணெயே தேவைப்படாது. கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் அதற்கு ஆயில் விட யாருக்காவது கை அரிக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று, நட்டுக்கு அடியில் உள்ள நாக்கு வாஷர். அச்சில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் அதன் நாக்கு உட்கார்ந்து, லீவர் திரும்பும்போது வாஷர் திரும்பாமல் தடுக்கும். நாக்கு தேய்ந்துபோனால் லீவரோடு வாஷரும் சுற்றும், வாஷரோடு நட்டும் சுற்றும், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். “எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை” என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புது வாஷரும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்டு) போடுங்கள், அல்லது இரண்டு நட்டு போட்டு ஒன்றையொன்று பூட்டுங்கள்.

உராய்வு வட்டுக்குப் பதில் பல் வெட்டிய அரைவட்டத் தகடு உள்ள வண்டிகளில் கதை வேறு. அங்கே பல்லின் ஓரம் சரிவாகத் தேய்வதால் லீவர் அதன்மேல் ஏறி நழுவும். வெல்டிங்கில் ஏற்றி, முக்கோண அரத்தால் பழைய செங்குத்து ஓரத்தை மீட்க வேண்டும். எண்ணெய் பட்ட இரும்பில் அந்த ஓரம் 6, 7 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலே உராய்வு மட்டும் அதை நிறுத்தாது.

இணைப்புக் கம்பிகளின் ஆட்டத்தை எல்லோரும் முதல் குற்றவாளி ஆக்குகிறார்கள். லீவர் இறங்குவதற்கு அது காரணமில்லை: ஸ்பிரிங் ஒரே பக்கம் இழுப்பதால் ஆட்டம் எல்லாம் அந்தப் பக்கமே ஒதுங்கிவிடும். ஆனால் பயணம் வீணாகும். ஒரு மூட்டுக்கு 0.6 மி.மீ. என்று ஐந்து மூட்டுகளில் 3 மி.மீ. போனால், லீவரை முழுக்க ஏற்றியும் பம்ப் கை உச்ச நிறுத்தத்தைத் தொடாது. 6 மி.மீ. பின்னுக்கான துளை நீள்வட்டமாகியிருந்தால் 8 மி.மீ. துளையிட்டுப் புஷ் அடித்து, புதுப் பின்னும் 1.6 மி.மீ. ஸ்ப்ளிட் பின்னும் போடுங்கள். தேய்ந்த பால் ஜாயிண்டை மாற்றுவதுதான் வழி.

மாட்டியபின் கம்பி நீளம். லீவர் கடைசிக்கு இறங்கியதும் பம்ப் கை ஸ்லோ நிறுத்தத்தில் உட்கார்ந்து, கம்பியில் ஏறக்குறைய 1 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். லீவர் உச்சிக்குச் சற்று முன்பே பம்ப் கை மேல் நிறுத்தத்தைத் தொட வேண்டும். சீல் வைத்த உச்ச வேகத் திருகை மட்டும் தொடாதீர்கள். கால் ஆக்சிலேட்டரை மிதித்துக் காலை எடுத்தால் எஞ்சின் கை லீவர் வைத்த வேகத்துக்கே திரும்புகிறதா, ஸ்டாப் குமிழ் வேலை செய்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வேலையில் இறக்க வேண்டும்.

லீவருக்கும் தகட்டுக்கும் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அரை மணி நேரம் சுமையோடு ஓட்டுங்கள். கோடு பிளந்திருந்தால் நட்டை அரைச் சுற்று இறுக்கித் தராசில் மறுபடி அளக்கவும். சுமை ஏறும்போது வேகம் சற்றுக் குறைந்து நிலைப்பது கவர்னரின் இயல்பு, அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். கோடு அசையாமல் இருந்தும் வேகம் தொடர்ந்து விழுகிறதென்றால் லீவரை விட்டுவிட்டு டீசல் ஃபில்டரையும், குழாயில் காற்று புகும் இடத்தையும் தேடுங்கள்.