முதுகில் கட்டிய காலிப் பாட்டில்கள்

2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்த பிறகு, எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் பார்க்கப் போகும் பள்ளிக் கண்காட்சிகளிலெல்லாம் காலித் தண்ணீர் பாட்டில்களால் செய்த மிதவைச் சட்டை ஒன்று காத்திருக்கிறது. "சுரைப்புருடையைப் பார்த்துச் செய்தோம் சார்" என்று பிள்ளைகள் சொல்வது மகிழ்ச்சிதான். கிணற்றில் நீச்சல் பழகிய எவருக்கும், மிதவையாகக் கட்டிக்கொள்ளும் அந்தக் காய்ந்த சுரைக்காய்க் கூட்டின், புருடையின், அருமை தெரியும். ஆனால் சென்ற வாரம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் கண்ட சட்டையோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது. கயிறு கோப்பதற்காக ஒவ்வொரு பாட்டிலிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டிருந்தார்கள். ஓட்டைப் புருடையை யாராவது கிணற்றுக்கு எடுத்துப் போவார்களா?

அதைவிடப் பெரிய பிழை, எட்டுப் பாட்டில்களையும் முதுகிலேயே வரிசையாகக் கட்டியிருந்தது. காற்று இருந்தால் ஆள் மிதப்பான் என்பதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். மிதப்பான்தான், முகம் தண்ணீருக்குள் அமிழ, முதுகு மட்டும் மேலே தெரிய மிதப்பான். மீட்புப் பணியில் அப்படிக் குப்புறக் கிடந்தவர்களைக் கரையேற்றியவன் என்பதால்தான் இவ்வளவு எரிச்சலோடு எழுதுகிறேன். செத்த மீன் வயிறு மேலாக மிதப்பதைத் தென்பெண்ணைக் கரையில் பார்க்காதவர் உண்டா? துடுப்பசைத்து உடலை நிமிர்த்த உயிர் இல்லாதபோது, காற்றுள்ள பக்கம் மேலே வந்துவிடுகிறது. நினைவிழந்த மனிதனுக்கும் அதே கதிதான். மூடி இறுகிய ஒரு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். இடம் தவறினால் இருபது பாட்டில் கட்டியும் பயனில்லை. நெஞ்சிலும் பிடரியிலும் கட்டுங்கள். இடுப்பில் கட்டினால் கால் எழும்பித் தலை தாழும்.

பாட்டிலைத் துளைக்காமல், மூடியைப் பசை வைத்து அடைத்து, யூரியா சாக்கில் பொதிந்து தையுங்கள். வெயிலில் நைந்த சாக்கு ஒரே இழுப்பில் பிரிந்துவிடும், அது வேண்டாம். சட்டை தலைக்கு மேல் நழுவாதிருக்கத் தொடையிடையே கோவணம்போல் ஒரு பட்டை கட்டாயம். நீச்சல் தெரிந்த பெரியவர் கையெட்டும் தொலைவில் நிற்க, அசையாத நெஞ்சளவு நீரில் உடம்பைத் தளர்த்திப் பாருங்கள். முகம் வானத்தைப் பார்க்காவிட்டால் பிரித்துப் போட்டுவிடுங்கள்.

"இதை மாட்டிக்கொண்டு தரைப்பாலத்தைக் கடந்துவிடலாமா?" என்று ஒரு மாணவனின் தந்தை கேட்டார். வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். இழுக்கும் வெள்ளத்தில் முழங்காலளவு நீரே ஆளைப் புரட்டிவிடும். 112க்கோ 101க்கோ அழைத்துவிட்டு, மேடான இடத்தில் காத்திருக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை இது. காவிரியில் வெள்ளம் வந்தால், தலைமுறையாக ஆற்றை அறிந்த ஒகேனக்கல் ஓட்டிகளே பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.