அந்தக் கவிதை 'தண்ணீரைச் சேமி' என்று சொல்லவில்லை

மும்பை தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பலர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலக் கவிஞர் இம்தியாஸ் தார்க்கரின் 'பிளெஸ்ஸிங்' (வரம்) கவிதையை வாசிக்கக் கொடுத்து, கருத்தை எழுதச் சொன்னால் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "தண்ணீர் கடவுள் தந்த வரம். அதை வீணாக்காமல் சேமிக்க வேண்டும்."

இந்த வாசிப்பு தப்பு. அதைவிட, எழுதுகிற பிள்ளைக்கே இது அநியாயம்.

தார்க்கர் லாகூரில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர். கவிதையின் களம் இந்தத் தாராவிதான். அதில் யார் தண்ணீரை வீணாக்குகிறார்கள்? தகர டம்ளரில் ஒரு சொட்டு விழும் சத்தத்தைக் கற்பனை செய்து ஏங்குகிறவர்களா? முனிசிபாலிட்டி குழாய் வெடித்ததும் பித்தளை, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் பக்கெட் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களா? பாத்திரம் இல்லாதவர்கள் வெறுங்கையை நீட்டுகிறார்கள். சேமிப்பைப் பற்றி இவர்களுக்கு நாம் சொல்லித்தர என்ன இருக்கிறது?

கவிதையின் அமைப்பைப் பாருங்கள். வறட்சியைச் சொல்லும் முதல் பத்தி 2 வரிதான். குழாய் வெடிக்கும் பத்தி 11 வரி. அங்கே தொடங்கிய கூட்டம் நிற்க இடமில்லாமல் அடுத்த பத்திக்குள்ளும் வழிகிறது. அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். கடைசியில் வெயிலில் குளித்துக் கூத்தாடும் குழந்தைகளின் எலும்புகள் சிறியவை என்கிறார் கவிஞர். சாப்பாடு போதாத உடம்பு அது. சந்தோஷத்துக்கு நடுவே அதைக் கவனிக்காமல் போனால் கவிதை கைநழுவிவிடும்.

அப்புறம், தண்ணீர் இல்லாததற்கு வானத்தைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. மும்பைக்கு பட்சா, தான்சா, வைதர்ணா என்று 7 நீர்நிலைகளிலிருந்து தண்ணீர் வருகிறது. ஆனால் மாநகராட்சியின் கணக்கே ஆளுக்கு ஆள் மாறுகிறது: கட்டடத்தில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு 45 லிட்டர். அந்த 45 லிட்டரில்தான் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும். குழாய் உடைந்தால் வரமாகத் தெரிவது இதனால்தான். இதை விடையில் எழுதுங்கள், பொருத்தமான இடம் அதுதான்.

ஒன்றை மட்டும் கவிதைக்கு வெளியே வந்து சொல்லிவிடுகிறேன். உடைந்த குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. சப்ளை நின்றிருக்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறியபின் குடியுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் வடிகட்டுங்கள்.

இன்னொன்று, பெற்றோருக்கு. வீடு சட்டப்படி இல்லை என்பதற்காகத் தண்ணீரை அடியோடு மறுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னது. தண்ணீர் உரிமைக்காகப் போராடும் பானி ஹக் சமிதி என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. வாழும் உரிமைக்குள் தண்ணீரும் அடங்கும் என்பது தீர்ப்பு. 2022இல் 'எல்லோருக்கும் தண்ணீர்' என்ற கொள்கையையும் மாநகராட்சி கொண்டுவந்தது. இணைப்பு இல்லாதவர்கள் தாராவிக்கான மாநகராட்சி அலுவலகமான ஜி நார்த் வார்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் லைசென்ஸ் உள்ள பிளம்பர் வழியாகப் போகும். எழுத்து வேலைக்கு உதவி வேண்டுமென்றால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.